அமெரிக்கப் பள்ளியில் பிள்ளையை மேல்நிலைக் கணித வகுப்புக்கு மாற்றக் கேட்பது எப்படி

நான்காம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளைக்கு அந்த ஆண்டின் கணிதம் முழுவதும் முன்பே தெரிந்திருக்கிறது என்று புரிந்ததும், அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் பெரும்பாலும் செய்வது ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவதுதான். மகள் கணக்கில் கெட்டிக்காரி, வகுப்பில் சலித்துப்போகிறாள், கொஞ்சம் கடினமாக ஏதாவது கொடுக்க முடியுமா என்று அதில் கேட்டிருப்பார்கள். கனிவான பதில் வரும், இரண்டு மூன்று பணித்தாள்கள் கூடுதலாக வரும், அதன்பின் ஆண்டு முடியும் வரை எதுவும் மாறாது. இதற்குப் பள்ளியின் அலட்சியம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. பள்ளி ஆம் என்றோ இல்லை என்றோ முடிவு சொல்லக்கூடிய கோரிக்கை எதுவும் அந்தக் கடிதத்தில் இல்லை என்பதே முதன்மையான காரணம்.

ஆகவே, பிள்ளை மேதை என்று நிறுவுவதற்காகப் பள்ளிக்குப் போகாதீர்கள். இந்த ஆண்டுப் பாடம் பிள்ளைக்குத் தெரியும் என்பதைப் பள்ளியே மதிக்கும் அளவுகோலால் காட்டுங்கள். எந்த வகுப்பில், எந்த நேரத்தில், எந்தப் பாடத்தைப் பிள்ளை படிக்க வேண்டும் என்று குறிப்பிட்டு எழுத்து மூலம் கேளுங்கள். கீழே சொல்லப்போவது அனைத்தும் இந்த இரண்டையும் செய்வதற்கான வழிமுறைகளே.

பாடவரிசையை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்புகள் இவை) ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணிதத்துக்குப் பிறகு ஒன்பதில் அல்ஜீப்ரா 1, பத்தில் ஜியாமெட்ரி, பதினொன்றில் அல்ஜீப்ரா 2, பன்னிரண்டில் பிரிகால்குலஸ் என்ற வரிசை இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் படிக்க வேண்டுமானால் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடிந்திருக்க வேண்டும். இந்த ஓராண்டு முந்துதலைப் பல மாவட்டங்கள் தாமாகவே ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றன. சில மாவட்டங்களில் ஏழாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 படிக்கும் இரண்டாண்டுப் பாதையும் உண்டு. உங்கள் மாவட்டத்தின் இணையதளத்தில் கணிதப் பாதைகள் பற்றிய வரைபடம் ஒன்று அநேகமாக இருக்கும். அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் பிள்ளை இன்று எங்கே நிற்கிறது, நீங்கள் எங்கே வைக்கச் சொல்கிறீர்கள் என்று இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2010இல் வெளியான, பல மாநிலங்களுக்குப் பொதுவான காமன் கோர் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் மாநிலங்களில், முன்பு அல்ஜீப்ரா வகுப்பில் நடத்தப்பட்ட பகுதிகளில் கணிசமானவை எட்டாம் வகுப்புக் கணிதத்துக்குள் வந்துவிட்டன. நேர்கோட்டுச் சார்புகள், இரு மாறிகளில் அமைந்த ஒருங்கமைச் சமன்பாடுகள், பித்தகோரஸ் தேற்றம் எல்லாம் அங்கேதான் முதன்முதலாக வருகின்றன. எட்டாம் வகுப்புக் கணிதத்தை அப்படியே தாண்டச் சொல்வதும், ஆறாம் வகுப்புக் கணிதத்தைத் தாண்டச் சொல்வதும் ஒன்றல்ல. ஆகவேதான் ஏழு, எட்டு, அல்ஜீப்ரா 1 ஆகிய மூன்று ஆண்டுப் பாடங்களை இரண்டு ஆண்டுகளில் சுருக்கி நடத்தும் வகுப்புகள் பல மாவட்டங்களில் உள்ளன. ஓராண்டு முந்தி நிற்கும் பிள்ளைக்கு இத்தகைய சுருக்கப் பாதையே நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் எதுவும் விடுபடுவதில்லை. இரண்டாண்டோ அதற்கு மேலோ முந்தி நிற்கும் பிள்ளைக்குத்தான் ஒரு வகுப்பைத் தாண்டுவது பொருந்தும்.

கேட்கக்கூடிய வடிவங்களும் பல. கணித நேரத்தில் மட்டும் அடுத்த வகுப்பு அறைக்குச் சென்று அமர்வது ஒன்று. வகுப்பிலேயே இருந்துகொண்டு, ஒவ்வொரு பாடப்பகுதியும் தொடங்குமுன் அதன் இறுதித் தேர்வை எழுதி, தெரிந்த பகுதிக்கு மாற்றாக வேறு பாடம் படிப்பது இன்னொன்று. பள்ளி நேரத்தில் இணைய வழியாக மேல்நிலைப் பாடத்தைப் படிப்பதும் உண்டு. எல்லாப் பாடங்களிலும் முந்தி நிற்கும் பிள்ளை முழு வகுப்பையே தாண்டலாம், ஆனால் அது வேறு வகையான முடிவு. இங்கே கணிதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது

திறமை மிகுந்த பிள்ளைகளுக்குத் தனிக் கல்வி தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் கிடையாது. உடற்குறையோ கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை. எல்லாம் மாநிலத்தையும் பள்ளி மாவட்டத்தையும் பொறுத்தது. எனவே நியூஜெர்சியில் இருக்கும் உறவினருக்குக் கிடைத்தது டெக்சஸில் உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ணிப் பேச்சைத் தொடங்க வேண்டாம்.

டெக்சஸில் ஆறாம் வகுப்பு முதல், ஒரு பாடத்தை வகுப்பில் படிக்காமலேயே மாவட்டம் நடத்தும் தேர்வில் 80 விழுக்காடு எடுத்தால், அந்தப் பாடத்தை முடித்ததாகக் கணக்கில் கொள்ள வேண்டும்; அந்தத் தேர்வுக்குக் கட்டணமும் இல்லை. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இதே விதி முழு வகுப்பைத் தாண்டுவதற்கே பொருந்தும். மொழி, கணிதம், அறிவியல், சமூகவியல் நான்கிலும் 80 எடுக்க வேண்டும் என்பதால், கணிதத்தில் மட்டும் முந்தும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நேராக உதவாது. ஆனால் ஐந்தாம் வகுப்பு மாநிலத் தேர்வின் கணிதத்தில் முதல் 40 விழுக்காட்டுக்குள் வரும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பின் மேல்நிலைக் கணிதத்தில் பள்ளியே சேர்க்க வேண்டும் என்று 2023இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. வட கரோலினாவில் ஆண்டிறுதித் தேர்வில் மிக உயர்ந்த நிலையான ஐந்தாம் நிலையை எட்டிய மிடில் ஸ்கூல் (பெரும்பாலும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை) பிள்ளையை மேல்நிலைக் கணிதத்திலிருந்து விலக்க வேண்டுமானால், பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இலினாயில் 2018 ஜூலை முதல் ஒவ்வொரு மாவட்டமும் ஒற்றைப் பாட முந்துதலுக்கான கொள்கை வைத்திருக்க வேண்டும். மேதைப் பிள்ளை என்ற முத்திரை அதற்குத் தேவையில்லை. ஒஹாயோவில் பெற்றோரே பிள்ளையை மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம், குழு ஒன்று ஆராய்ந்து எழுத்தில் முடிவு தர வேண்டும், அதன்மேல் முறையீடும் செய்யலாம். கலிபோர்னியாவில் 2015ஆம் ஆண்டின் கணித வகுப்பு ஒதுக்கீட்டுச் சட்டம், ஒன்பதாம் வகுப்பில் நுழையும் மாணவர்களை நியாயமான, வெளிப்படையான அளவுகோல்களால் வகுப்பில் அமர்த்த வேண்டும் என்றும், ஒதுக்கீட்டில் கேள்வி உள்ள பெற்றோருக்கு முறையிட வழி வேண்டும் என்றும் சொல்கிறது. தொடக்கப் பள்ளியை அது தொடுவதில்லை.

மாவட்டக் கொள்கை மாறக்கூடியது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். சான் பிரான்சிஸ்கோ பள்ளி மாவட்டம் 2014இல் எட்டாம் வகுப்பிலிருந்து அல்ஜீப்ரா 1ஐ எடுத்துவிட்டு எல்லாருக்கும் ஒன்பதாம் வகுப்பில் வைத்தது. பெற்றோர் பல ஆண்டுகள் போராடினார்கள். 2024 பிப்ரவரியில் கல்வி வாரியம் அதைத் திரும்பக் கொண்டுவர வாக்களித்தது. அடுத்த மாதம் நகர வாக்காளர்களும் பெரும்பான்மையாக ஆதரித்தார்கள். இடைப்பட்ட பத்தாண்டுகளில் எட்டாம் வகுப்பைக் கடந்துபோன பிள்ளைகளுக்கு அந்த வெற்றியால் பயனில்லை. கொள்கையை மாற்றும் முயற்சியும் உங்கள் பிள்ளைக்கு இந்த ஆண்டு இடம் கேட்கும் முயற்சியும் தனித்தனியாக நடக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சான்றுகளைத் திரட்டுதல்

பெற்றோர் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். மாநிலத் தேர்வில் நான்காம் வகுப்புப் பிள்ளை முழு மதிப்பெண் எடுத்திருந்தால், நான்காம் வகுப்புப் பாடம் தெரியும் என்பதற்கு மட்டுமே அது சான்று. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பாடம் எவ்வளவு தெரியும் என்பதை அந்தத் தேர்வு கேட்கவே இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியலாளர் 1971இல் தொடங்கிய ஆய்வின் அடித்தளமே இந்தச் சிக்கல்தான். கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வை அவர் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். தங்கள் வகுப்புத் தேர்வில் எல்லாருமே உச்ச மதிப்பெண் எடுத்து ஒன்றுபோல் தெரிந்த பிள்ளைகளிடையே எவ்வளவு பெரிய வேறுபாடு இருக்கிறது என்பது அப்போது வெளிப்பட்டது. பிள்ளையின் வகுப்புக்கு மேலான தேர்வைக் கொடுத்துப் பார்க்கும் இந்த வழியைத்தான் நீங்களும் கேட்க வேண்டும்.

உங்கள் பள்ளி மேப் எனப்படும் கணினித் தேர்வை நடத்துகிறது என்றால் பாதி வேலை முடிந்தது. விடைக்கு ஏற்ப வினாக்கள் கடினமாகிக்கொண்டே போகும் தேர்வு அது. அதன் மதிப்பெண் எல்லா வகுப்புகளுக்கும் ஒரே அளவுகோலில் அமைந்திருப்பதால், நான்காம் வகுப்புப் பிள்ளையின் எண்ணை ஏழாம் வகுப்பு மாணவர்களின் சராசரியோடு வைத்துப் பார்க்கலாம். தொண்ணூற்றொன்பதாவது பெர்சென்டைல் என்ற செய்தியோடு நின்றுவிடாமல், "இந்த எண் எந்த வகுப்பின் சராசரிக்குச் சமம்?" என்று கேளுங்கள். தொடக்கப் பள்ளிக்கான வடிவத்தில் மேல் வகுப்பு வினாக்கள் குறைவு என்பதால், பிள்ளை உச்சத்தைத் தொட்டிருந்தால் ஆறாம் வகுப்புக்கு மேலானவர்களுக்குரிய வடிவத்தைக் கொடுக்கும்படி வேண்டலாம்.

எல்லாவற்றையும்விட வலுவான சான்று, தாண்ட வேண்டிய வகுப்புக்கு அந்தப் பள்ளியே வைக்கும் ஆண்டிறுதித் தேர்வு. தன் ஆசிரியர் எழுதிய வினாத்தாளில் தன் ஆசிரியர் திருத்திப் போட்ட மதிப்பெண்ணைப் பள்ளியால் எளிதில் மறுக்க முடியாது. குமான் என்ற தனிப்பயிற்சி நிலையத்தில் எந்த நிலை வரை போயிருக்கிறது என்ற அட்டையும், வெளி வகுப்புகளின் சான்றிதழ்களும் துணைக்கு இருக்கட்டும். அவற்றை முன்னால் நீட்ட வேண்டாம். கான் அகாடமி என்ற இணையதளத்தில் முடித்த பாடங்களும், எட்டாம் வகுப்பு வரை உள்ளோருக்கான ஏஎம்சி 8 கணிதப் போட்டியின் மதிப்பெண்ணும் சற்றுக் கூடுதல் மதிப்புப் பெறும், ஆனால் போட்டிக் கணக்கில் வல்ல பிள்ளைக்கும் வகுப்புப் பாடத்தில் ஓட்டை இருக்கலாம் என்று ஆசிரியர் சொன்னால் அது நியாயமே.

இதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துபாருங்கள், உண்மை தெரிய வேண்டியது முதலில் உங்களுக்குத்தான். முக்கால் லிட்டர் பாலை அரைக்கால் லிட்டர் பிடிக்கும் தம்ளர்களில் ஊற்றினால் எத்தனை தம்ளர் என்று கேளுங்கள். பிள்ளை தலைகீழாக்கிப் பெருக்கி ஆறு என்று உடனே சொல்லிவிடும். ஏன் தலைகீழாக்க வேண்டும் என்று கேட்டால், ஒரு லிட்டரில் எட்டுத் தம்ளர், அதில் முக்கால் பங்கு ஆறு என்று ஏதோ ஒரு வகையில் விளக்க வேண்டும். அடுத்து, அதே பாலை அரை லிட்டர் பாத்திரங்களில் ஊற்றச் சொல்லுங்கள். விடை ஒன்றரை. இப்போது, "ஒரு பாத்திரம் நிறைந்த பிறகு மீதி இருப்பது கால் லிட்டர்தானே, விடையில் அரை என்று ஏன் வருகிறது?" என்று கேளுங்கள். அந்த அரை என்பது லிட்டரில் அரை அல்ல, பாத்திரத்தில் அரை என்று தானே கண்டுபிடித்துச் சொல்லும் பிள்ளை ஆறாம் வகுப்புப் பின்னங்களைத் தாண்டிவிட்டது. விதி மட்டும் தெரிந்து இந்தக் கேள்வியில் விழித்து நிற்கும் பிள்ளைக்கு வேகம் இருக்கிறது, புரிதல் இன்னும் வரவேண்டியிருக்கிறது. அத்தகைய பிள்ளையை மேல் வகுப்பில் அமர்த்தினால் ஆசிரியர் இதே கேள்வியை முதல் வாரத்திலேயே கேட்பார். இன்னும் ஆறு மாதம் வீட்டில் காரணங்களைப் பேசிவிட்டுப் பிறகு பள்ளிக்குப் போவதே பிள்ளைக்கு நல்லது.

பழைய தேர்வுத் தாள்கள், மதிப்பெண் அறிக்கைகள், திறன் மதிப்பீடுகள் பள்ளியிடம் இருந்தும் உங்களுக்குக் காட்டப்படவில்லை என்றால், 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டத்தின்படி பிள்ளையின் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எழுத்து மூலம் கேட்டால் 45 நாட்களுக்குள் பள்ளி காட்ட வேண்டும்.

எப்போது, யாரிடம், எப்படி எழுதுவது

அடுத்த ஆண்டுக்கான வகுப்புகளும் ஆசிரியர்களும் கால அட்டவணையும் வசந்த காலத்திலேயே முடிவாகத் தொடங்கிவிடும். ஆகஸ்டு மாதம் போய்க் கேட்டால், எல்லாரும் ஒப்புக்கொண்டாலும் இடம் இருக்காது. அக்டோபர் அல்லது நவம்பரில் நடக்கும் பெற்றோர் சந்திப்பில் ஆசிரியரிடம் பேச்சைத் தொடங்கி, ஜனவரியில் எழுத்து மூலம் கோரிக்கை வைத்து, மார்ச் மாதத்துக்குள் தேர்வு நடக்கும்படி பார்த்துக்கொள்வது சரியான கணக்காக இருக்கும்.

முதல் பேச்சு வகுப்பாசிரியரோடுதான். அவரைத் தாண்டி நேராகப் பிரின்சிபலுக்கு எழுதினால், பின்னர் நடக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் கருத்து கேட்கப்படும்போது அது உங்களுக்கு எதிராகவே இருக்க வாய்ப்பு அதிகம். மாதா, பிதா, குரு என்று வளர்ந்த நம்மில் பலருக்கு ஆசிரியரிடம் மாற்றுக் கருத்துச் சொல்லவே கூச்சம். வேறு சிலர் அந்தக் கூச்சத்தை மறைக்க வழக்குரைஞர் போலப் பேசிவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. "கணித நேரத்தில் இவள் என்ன செய்கிறாள், நீங்கள் கவனித்தது என்ன?" என்று கேட்டுவிட்டு, பதிலை இடைமறிக்காமல் கேளுங்கள். அவர் சொல்வதில் பாதி உங்களுக்குத் தெரியாத செய்தியாக இருக்கும். அவர் ஆதரித்தால், அடுத்த கடிதத்தில் அவர் சொன்னதை அவர் அனுமதியோடு குறிப்பிடலாம்.

பிறகு பிரின்சிபலுக்கு எழுதி, ஆசிரியருக்கும் மாவட்டத்தின் கணித ஒருங்கிணைப்பாளருக்கும் நகல் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் நீங்கள் எழுதும் அந்தக் கடிதத்தின் சாரம் இப்படி இருக்கலாம்:

"எங்கள் மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். இந்த இலையுதிர்கால மேப் தேர்வில் அவள் பெற்ற எண் இணைப்பில் உள்ளது. ஐந்தாம் வகுப்புக் கணிதத்தின் ஆண்டிறுதித் தேர்வை மார்ச் மாதத்துக்குள் அவளுக்கு வைக்கும்படி வேண்டுகிறோம். பள்ளி நிர்ணயிக்கும் மதிப்பெண்ணை அவள் எட்டினால், அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பிலேயே இருந்துகொண்டு கணிதத்துக்கு மட்டும் ஆறாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். இதுபற்றிப் பேச அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா? மாவட்டத்தில் இதற்கென எழுதப்பட்ட கொள்கை இருந்தால் அதன் நகலையும் அனுப்புங்கள்."

இதில் பிள்ளையைப் புகழும் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். சலிப்பு என்ற சொல்லும் இல்லை. வகுப்பு சலிப்பூட்டுகிறது என்பது ஆசிரியர் காதில் அவருடைய வேலையைப் பற்றிய குறையாகவே விழும், அதோடு சலிப்புக்கு மருந்தாகப் பணித்தாள்தான் வரும். தெரிந்த பாடத்துக்கு மருந்து அடுத்த பாடம் மட்டுமே.

கூட்டத்தில்

தாய் தந்தை இருவரும் போவது நல்லது. ஒருவர் பேச, மற்றவர் குறித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு பக்கம் எடுத்துச் செல்லுங்கள். அதில் மதிப்பெண்கள், பிள்ளை தானே எழுதிய இரண்டு கணக்குகள், உங்கள் கோரிக்கை ஆகியவை இருந்தால் போதும். ஊரில் நாங்கள் ஏழாம் வகுப்பிலேயே இதெல்லாம் படித்துவிட்டோம் என்ற பேச்சை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அது உண்மையாக இருந்தாலும் அந்த அறையில் அதற்கு எந்த எடையும் இல்லை. வேறொரு பிள்ளைக்கு இடம் கொடுத்தார்களே என்ற ஒப்பீடும் வேண்டாம், பள்ளி மற்றப் பிள்ளையைப் பற்றிப் பேச முடியாது. வெளியே பயிற்சிக்குப் போகிறதா என்று கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். எங்கே கற்றது என்பது தேர்வு அளக்கும் பொருளல்ல. கற்றிருக்கிறதா என்பதைத்தான் அது அளக்கிறது.

மறுப்புகள் பெரும்பாலும் ஒரே வகையில்தான் வரும். பாடத்தில் ஓட்டை விழும் என்பார்கள். அதை எதிர்க்காமல், எந்தெந்தப் பகுதி என்று பட்டியல் கேளுங்கள். ஆண்டிறுதித் தேர்வில் தவறிய வினாக்களே அந்தப் பட்டியல். கோடை விடுமுறையில் அவற்றைக் கற்பித்து மீண்டும் தேர்வு வைக்கலாம் என்று முன்வந்தால், மறுப்பு ஒரு வேலைத் திட்டமாக மாறிவிடும்.

மூத்த பிள்ளைகளோடு அமர்ந்தால் மனம் பாதிக்கும் என்பார்கள். இதற்கு நீண்டகால ஆய்வுகள் உள்ளன. ஸ்டான்லி தொடங்கிய ஆய்வில் சிறுவயதில் இனங்காணப்பட்டவர்களை 35 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2021இல் வெளியான கட்டுரை, முந்திப் படித்ததால் நடுவயதில் மனநலம் கெட்டதற்கான அறிகுறி இல்லை என்று காட்டியது. அயோவா பல்கலைக்கழகம் 2004இலும் 2015இலும் வெளியிட்ட தொகுப்பு அறிக்கைகளும் இதையே வலியுறுத்துகின்றன. பிரின்சிபலுக்கு இவற்றை முன்கூட்டியே அனுப்பலாம், ஆனால் கூட்டத்தில் விரித்துப் படிக்க வேண்டாம். ஒரு மணி நேரம் வேறு அறையில் கணிதம் படித்துவிட்டு, மீதி நாள் முழுவதும் தன் வயது நண்பர்களோடு இருக்கும் ஏற்பாட்டைத்தான் கேட்கிறோம் என்று நினைவூட்டினால் போதும்.

வேகத்தைவிட ஆழம் முக்கியம் என்பார்கள். இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆழமான வகுப்பு உண்மையிலேயே இருந்தால், கேட்க வேண்டியது அதைத்தான். அந்த ஆழம் எந்த நாளில், எந்த ஆசிரியரால், எந்தப் பாடநூலைக் கொண்டு நடத்தப்படும் என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் ஓராண்டு அதைச் சோதித்துப் பாருங்கள். பதில் இல்லை என்றால், அந்தச் சொல் அங்கே மறுப்பாக மட்டுமே பயன்படுகிறது என்று பொருள்.

உண்மையிலேயே கடினமான தடை கால அட்டவணை. நான்காம் வகுப்பின் கணித நேரமும் ஐந்தாம் வகுப்பின் கணித நேரமும் ஒன்றாக இல்லாவிட்டால், பிள்ளை கணிதத்துக்குப் போகும்போது வாசிப்பையோ அறிவியலையோ இழக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புக் கணிதம் வேண்டுமானால் சிக்கல் இன்னும் பெரிது, ஏனெனில் பல இடங்களில் ஆறாம் வகுப்பு வேறு கட்டடத்தில், வேறு தொடக்க நேரத்தில், மிடில் ஸ்கூலில் இருக்கிறது. மிடில் ஸ்கூலின் முதல் பாடவேளையில் கணிதத்தை வைத்து, அதை முடித்துக்கொண்டு பிள்ளை தொடக்கப் பள்ளிக்குத் திரும்புவது நடைமுறையில் உள்ள தீர்வு. பள்ளிப் பேருந்து கிடைக்காது, கூட்டிப்போய் விடும் பொறுப்பு உங்களுடையது என்றால், உங்களால் தினமும் அது முடியுமா என்பதைக் கூட்டத்துக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். முடியாத வாக்கைக் கொடுத்தால் பிள்ளையின் இடம்தான் பறிபோகும்.

கடைசியாக, உயர்நிலைப் பள்ளியில் கணிதம் தீர்ந்துவிடும் என்பார்கள். ஏழாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 படித்த பிள்ளை பதினொன்றில் கால்குலஸை முடிக்கும். அதன்பின் புள்ளியியல், சில பள்ளிகளில் மல்டிவேரியபிள் கால்குலஸ், அருகில் உள்ள சமுதாயக் கல்லூரியில் லீனியர் அல்ஜீப்ரா என வழிகள் உண்டு. ஆனால் உங்கள் மாவட்டத்தில் அவை உண்மையிலேயே இருக்கின்றனவா என்று உயர்நிலைப் பள்ளிக் கவுன்சிலரிடம் இப்போதே விசாரியுங்கள். அவரிடமே இன்னும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். மிடில் ஸ்கூலில் படித்த அல்ஜீப்ராவின் மதிப்பெண் உயர்நிலைப் பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) ஏறுமா என்பது ஒன்று. ஏறும் என்றால் பன்னிரண்டு வயதில் எடுத்த மதிப்பெண்ணைக் கல்லூரிகள் பார்க்கும். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்க ஒன்பது முதல் பன்னிரண்டு வரை எத்தனை ஆண்டு கணிதம் கட்டாயம் என்பது மற்றொன்று.

பிள்ளையின் விருப்பம்

முழு வகுப்பைத் தாண்டுவதற்காக அயோவா பல்கலைக்கழகத்தினர் வகுத்த மதிப்பீட்டு முறையில், பிள்ளைக்கு விருப்பம் இல்லை என்றால் மற்றவை எல்லாம் சாதகமாக இருந்தாலும் மாற்றக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. கணிதத்துக்கு மட்டும் மாறும்போதும் இதையே பின்பற்றுமாறு வேண்டிக்கொள்கிறேன். பெயர் தெரியாத மூத்த பிள்ளைகள் இருபது பேருக்கு நடுவே அமர்வதும், இதுவரை பார்த்தேயிராத எண்பது மதிப்பெண்ணைப் பார்ப்பதும் பிள்ளைதான். என்ன மாறும், எவ்வளவு வீட்டுப்பாடம் வரும், வேண்டாம் என்று தோன்றினால் எப்படித் திரும்பலாம் என்று விளக்கிவிட்டு, சில நாட்கள் யோசிக்க விடுங்கள். தயங்கும் பிள்ளையை மேல் வகுப்பில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்கும்படி பள்ளியைக் கேட்கலாம். நம் வட்டத்தில் இன்னார் மகன் இத்தனை வகுப்பு முந்திவிட்டான் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். அந்தப் பேச்சைக் கேட்டுப் பள்ளிக்குப் போகும் பெற்றோர், பிள்ளைக்குத் தேவையில்லாத ஒன்றைக் கேட்டு வாங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

மறுத்துவிட்டால்

வாய்மொழி மறுப்பை ஏற்றுக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். எந்த அளவுகோலின்படி மறுக்கப்பட்டது, எவ்வளவு குறைந்தது, மீண்டும் எப்போது கேட்கலாம் என்ற மூன்றையும் எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். கூட்டம் முடிந்த அன்றே, நீங்கள் புரிந்துகொண்டதைச் சுருக்கி நன்றியோடு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அடுத்த படி மாவட்டத்தின் கணித ஒருங்கிணைப்பாளர், அதன்பின் பாடத்திட்டத்துக்குப் பொறுப்பான துணைக் கண்காணிப்பாளர். கல்வி வாரியக் கூட்டத்தில் பேசுவது கொள்கையை மாற்றுவதற்கு ஏற்ற இடம்; ஒரு பிள்ளையின் வகுப்பை மாற்ற அது ஏற்ற இடமல்ல. இதற்கிடையே, ஒவ்வொரு பாடப்பகுதிக்கும் முன்தேர்வு வைத்துத் தெரிந்ததை விலக்கும் ஏற்பாட்டையாவது இந்த ஆண்டே தொடங்கக் கேளுங்கள். அந்த முன்தேர்வுத் தாள்களே அடுத்த ஜனவரியில் உங்கள் கோரிக்கைக்கான சான்றுகளாக நிற்கும்.

ஒப்புக்கொண்டால், அதையும் எழுத்தில் வாங்குங்கள். யார் கற்பிப்பார், மதிப்பெண் அட்டையில் எந்த வகுப்பின் பாடமாகப் பதிவாகும், மாநிலத் தேர்வில் எந்த வகுப்பின் தாளை எழுதும், ஆறு வாரம் கழித்து யார் யார் அமர்ந்து மறுபார்வை செய்வார்கள், பொருந்தவில்லை என்றால் எந்த வகுப்புக்குத் திரும்பும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு என்ன என்பதற்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பிரின்சிபல் மாறினாலும் பிள்ளை மிடில் ஸ்கூலுக்குப் போனாலும், அந்த ஒரு வரி இல்லாத பிள்ளைகளை ஏற்கெனவே படித்த பாடத்திலேயே மீண்டும் உட்கார வைத்துவிடுவது வழக்கமாக நடக்கிறது.